மேல் பாதி வேலை: ஆர்எக்ஸ் 100 எஞ்சினின் சிலிண்டரும் பிஸ்டனும்

யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்சினின் போர் 50 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 98 சி.சி. வரும். முழுத் திறனான 11 குதிரைத்திறனை இந்த எஞ்சின் 7,500 சுற்றில் தருகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் நொடிக்கு 125 முறை மேலே போய்க் கீழே வருகிறது. 125 முறையும் அதன் தலைமேல் தீ எரிகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று சூட்டிலிருந்து விடுதலை உண்டு; அடியிலிருந்து ஆயிலும் தெறித்துக்கொண்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கான இதற்கு இரண்டும் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்து வரும் சொற்ப டூ-டி ஆயில்தான் பிஸ்டன், ரிங், கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும். ஆகவே மேல் பாதி தேயத்தான் செய்யும். முறையாகச் செய்தால் திரும்ப எழுப்பவும் முடியும்.

மேல் பாதி என்றால் ஹெட், சிலிண்டர், பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டன் பின், அதைத் தாங்கும் ஸ்மால் எண்ட் பேரிங், இன்டேக் பக்கத்து ரீட் வால்வு. எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்காமலே இத்தனையும் செய்யலாம். இங்கே அளவுகளை ஆர்எக்ஸ் 100-ஐ வைத்தே சொல்கிறேன். மேக்ஸ் 100, டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மற்ற சிறிய டூ ஸ்ட்ரோக்குகளுக்கும் முறை இதேதான். எண்களை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிஸ்டன் எதனால் போனது என்று தெரியும்வரை புதிய பிஸ்டனைப் போடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பல பட்டறைகளில் எஞ்சின் ஜாம் ஆகி வந்தால் சிலிண்டரைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டு மாலைக்குள் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. சில மாதத்தில் அதே வண்டி அதே ஜாமோடு திரும்பி வருகிறது. ஒவ்வொரு போருக்கும் சிலிண்டரில் 0.25 மி.மீ. கரைகிறது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படிதான். அதன் பிறகு ஸ்லீவ் மாற்ற வேண்டும். 1985-இல் வந்த இந்த வண்டியின் உற்பத்தி 1996-இல் நின்றுபோனது. வெளிச்சந்தையில் சிலிண்டர் கிட்டுகள் கிடைக்கின்றன என்றாலும், வண்டியோடு பிறந்த சிலிண்டரின் போர்ட் உயரமும் வார்ப்பும் எல்லாக் கிட்டிலும் அப்படியே அமைவதில்லை. உங்களிடம் இருப்பது பழைய சிலிண்டர் என்றால் அதன் ஒவ்வொரு கால் மில்லிமீட்டரும் சொத்துதான்.

போர் போட்டால் பிக்கப் கூடும் என்பார்கள். கடைசி ஓவர்சைஸ் வரை போய் 51 மி.மீ. ஆனாலும் கொள்ளளவு 102 சி.சி.தான், கூடுவது 4 சி.சி. போர் போட்ட வண்டி துள்ளலாக ஓடுவதற்குக் காரணம் புது ரிங் கம்ப்ரஷனைப் பிடித்து நிறுத்துவதுதான். சிலிண்டர் அளவுக்குள் இருந்தால் ரிங்கை மட்டும் மாற்றினாலே அந்தத் துள்ளல் கிடைத்துவிடும்.

திறக்கும் முன்

கிக்கர் முன்போல எதிர்த்து நிற்காமல் மெத்தென்று இறங்கும். சூடான எஞ்சின் அணைத்தால் மறுபடி பிடிக்கச் சண்டித்தனம் செய்யும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டு, சூடேறியதும் குறையும். இவை தேய்மானத்தின் குறிகள். கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் எஞ்சினைச் சூடாக்கி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். 120 பிஎஸ்ஐ அருகே நின்றால் கவலை இல்லை. 90-க்குக் கீழே என்றால் திறந்து பார்ப்பது நல்லது. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு எடுத்த அளவை நம்பாதீர்கள். காற்று போக வழி இல்லாததால் நல்ல எஞ்சினும் குறைத்தே காட்டும்.

இழுவை இல்லாததற்கெல்லாம் பிஸ்டனைக் குற்றம் சொல்லவும் கூடாது. கம்ப்ரஷன் சரியாக இருந்து, வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏறாமல் முனகினால், முதலில் சைலன்ஸரைக் கழற்றுங்கள். எண்ணெய்க் கரி உள்குழாயை அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் பாதி வண்டிகள் சிலிண்டரைத் தொடாமலே சரியாகிவிடும்.

கழற்றுதல்

வண்டியை நன்றாகக் கழுவி உலரவிட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள். சிலிண்டரைத் தூக்கும்போது ஃபின்களுக்கு நடுவே இருக்கும் மண் நேராகக் கிராங்க் கேஸுக்குள் விழும். அங்கிருந்து அது கிராங்க் பேரிங்குக்குப் போனால் மேல் பாதி வேலை முழு எஞ்சின் வேலையாகிவிடும்.

டேங்கை இறக்கி, சைலன்ஸர், கார்புரேட்டர், ஆயில் குழாய் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஆயில் குழாயின் முனையை உடனே சின்ன போல்ட்டால் அடைத்துவிடுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் அவிழ்த்தால் அலுமினிய ஹெட் வளையும். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று என்று தளர்த்துங்கள். சிலிண்டர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச் சுத்தியால் போர்ட் பக்கத்துத் தடித்த பகுதியில் தட்டலாம். ஃபின்களுக்கு இடையே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ஃபின் உடைவது நிச்சயம்.

சிலிண்டர் இரண்டு விரல்கடை உயர்ந்ததும் நிறுத்துங்கள். கீழே கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான பனியன் துணியால் சுற்றி அடைத்த பிறகே முழுக்கத் தூக்குங்கள். உடைந்த ரிங் துண்டும் பிஸ்டன் பின் லாக்கும் விழுந்து காணாமல் போவது இந்த நொடியில்தான். லாக்கை எடுக்கும்போது கட்டை விரலை மேலே வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். பின்னைத் தட்டி எடுக்கக் கூடாது. தட்டினால் அந்த அடி கன்ரோடுக்குப் போகும். இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைப் பிஸ்டனில் சுற்றிச் சூடாக்குங்கள். அலுமினியம் விரிந்து பின் கையோடு வரும்.

பிஸ்டனைப் படித்தல்

இனிச் சொல்வதுதான் வேலையின் முக்கியமான பகுதி. பிஸ்டனைப் பெட்ரோலில் அலசுவதற்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் எக்ஸாஸ்ட், எந்தப் பக்கம் இன்டேக் என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசி அலுமினியம் இழுபட்டிருந்தால் பிஸ்டன் அளவுமீறிச் சூடாகியிருக்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் எரிந்திருக்கும், அல்லது ஆயில் வரவில்லை. கார்புரேட்டரில் அழுக்கு, சிறிய மெயின் ஜெட், விரிசல் விட்ட இன்டேக் ரப்பர், தேய்ந்த கிராங்க் ஆயில் சீல், காற்றுக்குமிழி சிக்கிய ஆயில் பம்ப் ஆகிய ஐந்தில் ஒன்றைத் தேடுங்கள். கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

பின்னின் இருபுறமும், பிஸ்டனின் நான்கு மூலைகளிலும் செங்குத்தாக உரசல் இருந்தால் கதை வேறு. பின் உட்காரும் இடத்தைச் சுற்றி உலோகம் தடித்திருக்கும். அந்தத் தடிப்புதான் முதலில் வீங்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு முறுக்கினால், சிலிண்டர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்து நான்கு இடத்தில் பிடிக்கும். லேத்தில் இடைவெளியைக் குறைத்துப் போர் போட்டாலும் இதே அடையாளம்தான்.

இன்டேக் பக்கம் பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் மெல்லிய நேர்கீறல்களாக இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. சத்தத்துக்காக ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டுகிற வண்டிகளில் இது தவறாமல் இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தாலும் இப்படித்தான். அதில் மெலிதாக ஆயில் தடவினால்தான் புழுதி ஒட்டும். செங்கல் சூளைச் சாலையிலும் குவாரிச் சாலையிலும் ஓடும் வண்டிக்கு நல்ல ஃபில்டர் இல்லையென்றால் எத்தனை பிஸ்டன் போட்டாலும் நிற்காது.

பிஸ்டன் தலையின் விளிம்பு ஊசியால் குத்தியதுபோல் பொரிந்திருந்தால் நாக்கிங். இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கலாம், ஹெட்டை மட்டுமீறித் தேய்த்திருக்கலாம். நடுவில் ஓட்டையே விழுந்திருந்தால் பிளக்கின் வெப்ப எண்ணையும் டைமிங்கையும் பாருங்கள். ரிங்குக்குக் கீழே பழுப்பு இறங்கியிருந்தால் எரிந்த புகை ரிங்கைத் தாண்டுகிறது. இது சாதாரணத் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை.

ரிங் காடியில் கரி இறுகி, ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டதால் மட்டும் கம்ப்ரஷன் போயிருக்கும் எஞ்சின்களும் உண்டு. மலிவான டூ-டி ஆயிலை, அதுவும் கூடுதலாக ஊற்றுகிறவர்களின் வண்டியில் பார்க்கலாம். பழைய ரிங்கை இரண்டாக உடைத்து அதன் முனையாலேயே காடியைச் சுரண்டி, புது ரிங் போட்டால் பிஸ்டனையே காப்பாற்றலாம்.

லேசாக ஜாம் ஆன எஞ்சினில் சிலிண்டர் சுவரில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். நகத்தால் தடவினால் பள்ளமாகப் படாது, மேடாகப் படும். 400 நம்பர் உப்புத்தாளில் டீசல் தொட்டு, சாய்வாக மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். அதற்குப் பிறகு அளந்து, அளவுக்குள் இருந்தால் அதே சிலிண்டரில் புதுப் பிஸ்டன் போதும். பார்த்த மாத்திரத்தில் லேத்துக்கு அனுப்பியிருந்தால் ஒரு போர் வீணாகியிருக்கும்.

அளத்தல்

சிலிண்டரை அளக்க போர் கேஜ், பிஸ்டனை அளக்க மைக்ரோமீட்டர். வெர்னியர் இந்த வேலைக்கு உதவாது; நாம் தேடுவது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என்று ஆறு அளவு எடுங்கள். போர்ட் ஜன்னலின்மேல் கேஜ் முனை உட்காரக் கூடாது. மேலும் கீழும் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், அல்லது எந்த இடத்திலாவது மூல அளவைவிட 0.10 மி.மீ. கூடியிருந்தால், போர் போட்டே ஆக வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குச் செங்கோணத்தில், அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே அளக்க வேண்டும். அதன் தலைப்பக்கம் வேண்டுமென்றே சிறுத்திருக்கும்.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. புது ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடிப்பகுதியில், தேய்மானம் குறைந்த இடத்தில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் முனைகளின் இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளங்கள். அதே ரிங்கை மேலே, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேற்பட்ட பகுதியில் வைத்து மறுபடி அளங்கள். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் 3.14 மடங்கு கூடும். அந்தக் கூடுதல் முழுதும் ரிங் இடைவெளியில் தெரியும். அடியில் 0.20, மேலே 0.42 என்றால் வித்தியாசம் 0.22, அதை 3.14-ஆல் வகுத்தால் 0.07 மி.மீ. சிலிண்டர் மேலே அந்த அளவு விரிந்திருக்கிறது, போர் தேவை. கையில் ஃபில்லர் கேஜ் மட்டும் இருக்கிறவருக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

கன்ரோடையும் இப்போதே பாருங்கள். மேல் முனையைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, 2 மி.மீ. தாண்டினால் பிக் எண்ட் தேய்ந்திருக்கிறது. மேலும் கீழும் ஆடும் கன்ரோடின்மேல் புதுப் பிஸ்டன் போடுவது பணத்தைக் கரியாக்குவது. கிராங்க் வேலையை முடித்துவிட்டு இந்த அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.

லேத்தில்

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லேத்துக்குப் போங்கள். "0.25 போர் போடுங்கள்" என்று சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஒரே ஓவர்சைஸ் எண் போட்ட பிஸ்டன்கள்கூட ஒன்றுக்கொன்று நூறில் ஓரிரு பங்கு மாறும். இந்த எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளியே நூறில் நாலைந்து பங்குதான். பிஸ்டனை அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குச் சிலிண்டரை முடிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் பெட்டியில் இடைவெளி அச்சிட்டிருந்தால் அதுவே சட்டம். இல்லையென்றால் 0.04 முதல் 0.05 மி.மீ. என்று சொல்வேன். வெயில் காலத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு 0.05 பக்கமே சாயுங்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். இறுக்கமாகப் போட்டால் சத்தமில்லாமல் ஓடும் என்று ஆசைப்பட்டால் நான்கு மூலையில் பிடிக்கும்.

போரிங் கருவி விட்டுப்போகும் தடத்தை ஹோனிங் முடித்துவைக்க வேண்டும். கடைசி மூன்று நான்கு நூறில் பங்கை ஹோனிங்குக்கு விட்டுவைக்கும் லேத்காரர் தொழில் தெரிந்தவர். முடிந்ததும் சுவரில் குறுக்குமறுக்கான மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், ரிங் படியும்.

பலர் கோட்டை விடுவது போர்ட் விளிம்பில். போர் போட்ட பிறகு ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பும் கத்திபோல் நிற்கும். ரிங் அதைக் கடக்கும்போது சற்றே வெளியே பிதுங்கும். கூர்விளிம்பு அதைச் சீவும் அல்லது மாட்டி உடைக்கும். நுண்ணிய அரத்தாலும் உப்புத்தாளாலும் எல்லா ஜன்னல்களின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சுமார் அரை மில்லிமீட்டர் சாய்த்து மழுக்குங்கள். லேத்காரர் செய்திருப்பார் என்று விடாமல் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பிறகு கழுவுதல். பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்புத்தூளும் பிரஷ்ஷும்தான் அதை எடுக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை கழுவி, உடனே உலர்த்தி, உடனே ஆயில் தடவுங்கள். ஹோனிங் செய்த இரும்புச் சுவர் சிறிது நேரத்திலேயே துருப்பிடிக்கும்.

மற்ற பாகங்கள்

ஹெட்டின் உட்குழிவிலும் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் உள்ள கரியை மூங்கில் பட்டையாலோ பித்தளைத் தகட்டாலோ சுரண்டுங்கள். இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும், அடுத்த கரி அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். ஹெட்டின் அடிப்பரப்பைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து 0.03 மி.மீ. ஃபில்லர் தகடு எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கண்ணாடிமேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, ஹெட்டை எட்டுப் போடுவதுபோல் நகர்த்தித் தேயுங்கள். முழுப் பரப்பும் ஒரே நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்ப்பது கம்ப்ரஷனைக் கூட்டி நாக்கிங்கில் கொண்டுபோய் விடும்.

ரீட் வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இதழ்கள் ஏறக்குறையப் படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முனை பிய்ந்திருந்தால் அந்தத் துணுக்கு எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். கிராங்க் கேஸுக்குள் தேடுங்கள். ஸ்மால் எண்ட் பேரிங், பிஸ்டன் பின், லாக், எல்லா கேஸ்கட்டுகள் ஆகியவற்றைப் புதிதாகவே போடுங்கள். பழைய லாக்கைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு, அது கழன்று கீறிய சிலிண்டரின் போர்க்கூலிக்குக்கூடக் காணாது.

பூட்டுதல்

புது ரிங்குகளை முதலில் சிலிண்டருக்குள் வைத்து இடைவெளி பாருங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்கட்டும். குறைந்தால் முனையை அரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் தேயுங்கள். முட்டிக்கொள்ளும் ரிங் சூட்டில் வளைந்து சுவரைக் கீறும். ரிங்கில் எழுத்து இருக்கும் முகம் மேலே வர வேண்டும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் காடியில் ஒரு சிறு முளை உண்டு. ரிங் முனைகள் அந்த முளையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார வேண்டும். ரிங் சுழன்று, முனை ஜன்னலுக்கு நேரே வந்துவிடாமல் காப்பது அந்த முளைதான்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முளை ஜன்னல் பக்கம் வந்து, ரிங் மாட்டி உடையும். பேரிங்கிலும் பின்னிலும் டூ-டி ஆயில் விட்டுப் பின்னைத் தள்ளி, லாக்கைப் போடுங்கள். லாக்கின் வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருக்கட்டும். பக்கவாட்டுக் காடிக்கு நேரே வைத்தால் பிஸ்டனின் ஏற்ற இறக்கமே அதைப் பிதுக்கிவிடும். போட்ட பின் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு, காடிக்குள் முழுக்க உட்கார்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள்.

அடி கேஸ்கட்டை வைத்து, பிஸ்டனின் அடியில் இரண்டு மரச்சட்டங்களைக் கிராங்க் கேஸ் வாயின்மேல் தாங்கலாகக் கொடுங்கள். சிலிண்டர் சுவரிலும் ரிங்கிலும் ஆயில் தடவி, ரிங்கை விரல்களால் நெருக்கிப் பிடித்து, சிலிண்டரை நேராக இறக்குங்கள். சிலிண்டரைத் திருகவே கூடாது. தட்டவும் கூடாது. எங்காவது தடுத்தால் ரிங் முளையிலிருந்து நழுவியிருக்கும். தூக்கி, சரிசெய்து, மறுபடி இறக்குங்கள். முழுக்க இறக்கும் முன் கிராங்க் கேஸ் வாயில் அடைத்த துணியை எடுக்க மறவாதீர்கள்.

ஹெட்டை மூடும் முன் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது, அதுவும் ஹெட்டைத் தேய்த்திருந்தாலோ வேறு கேஸ்கட் போட்டிருந்தாலோ. சால்டரிங் ஈயக் கம்பித் துண்டைப் பின்னுக்கு நேர்கோட்டில் பிஸ்டன் ஓரத்தில் சிறிது கிரீஸால் ஒட்டி, ஹெட்டை முறுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நசுங்கிய இடத்தை அளங்கள். 0.8 மி.மீ.க்குக் கீழே போக விடாதீர்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்காக மூன்று தவணையில், டார்க் ஸ்பேனர் வைத்து, 8 மி.மீ. ஸ்டட் என்றால் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள். அலுமினியத்தில் பதிந்த ஸ்டட் கை பலத்தைத் தாங்காது.

காற்றுக் கசிவு

ஜாம் ஆகி வந்த எஞ்சின் என்றால் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தகடு வைத்து அடையுங்கள். பிளக் மாட்டியிருக்கட்டும். பிஸ்டனை அடிக்குக் கொண்டுவந்து, ஆயில் குழாயை அடைத்து, கார்புரேட்டர் மாட்டும் ரப்பரில் ஒரு அடைப்பானையும் அதன் நடுவே ஒரு சிறு குழாயையும் பொருத்துங்கள். காற்றை இந்தப் பக்கமிருந்துதான் செலுத்த வேண்டும். பிளக் துளை வழியாகச் செலுத்தினால் ரீட் மூடிக்கொள்ளும். இன்டேக் ரப்பரின் விரிசல் தெரியாமலே போகும். தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பம்பும் முள்ளும் போதும். 250 மி.மீ. என்று அது காட்டுவது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. அதற்குமேல் ஏற்றாதீர்கள், சீல் பிதுங்கும். ஐந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் எஞ்சின் இறுக்கம். இறங்கினால் சோப்பு நீரை அடி கேஸ்கட், ரீட் பக்கம், மேக்னட்டுக்குப் பின்னால் உள்ள இடது சீல் என்று தடவிக் குமிழியைத் தேடுங்கள். எங்கும் குமிழி இல்லாமல் இறங்கினால் கிளட்ச் பக்கத்து வலது சீல். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று அங்கே வரும். வலது சீல் போன வண்டி கியர் ஆயிலையும் உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகை விட்டிருக்கும்.

முதல் ஸ்டார்ட்டும் முதல் 500 கிலோமீட்டரும்

யமஹா 1964-இல் கொண்டுவந்த ஆட்டோலூப் முறைதான் ஆர்எக்ஸ் 100-லும்: ஆயில் தனி டேங்கில் இருந்து பம்ப் வழியாக எஞ்சினுக்கு வரும். குழாயைக் கழற்றியதால் உள்ளே காற்று புகுந்திருக்கும். பம்பின் ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை விட்டு மூடுங்கள். அப்படியும் பம்பை மட்டும் நம்பாமல், முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகை கூடும், அவ்வளவுதான். ஆயில் டேங்கில் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு கலப்பதை நிறுத்தலாம். ஆக்ஸிலேட்டர் கேபிளோடு பம்ப் கேபிளும் சேர்ந்து இழுபடுகிறதா, புல்லியின் குறி பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் நிதானமான ஐட்லிங்கில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். இதை இன்னும் இரண்டு முறை செய்து, ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரைப் பாதிக்குமேல் திருகாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மிக மெதுவாக உருட்டுவதும் தவறு, ரிங் சுவரில் படிய ஓரளவு அழுத்தம் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் புது ரிங்கோடு ஏற வேண்டாம். அங்கிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி எஞ்சின் பிரேக்கிலேயே வருவதும் கெடுதல்: எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோலும் ஆயிலும் மிகக் குறைவாகவே உள்ளே வரும். நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு சிறு திருகு கொடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் உள்ளடங்கியிருப்பதால், எண்பதுகளின் பெட்ரோலுக்குக் கணக்கிட்ட அதே ஜெட்டில் கலவை மெலிந்து எரியும். எக்ஸாஸ்ட் பக்கம் உரசிய பிஸ்டனுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி ஓட்டி, முழுத் திருகலில் எஞ்சினை அணைத்துப் பிளக்கைப் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனையை 500 கிலோமீட்டர் முடிந்த பின்பே செய்ய வேண்டும். பிளக்கின் பீங்கான் வெளிறியிருந்தால் இன்னும் ஒரு படி ஏற்ற வேண்டும். இளம்பழுப்பாக இருந்தால் ஜெட் சரி. எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் இந்த வேலையோடேயே மாற்றிவிடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலை மூடிவிட்டு, மிதவை அறை காலியாகி எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள்.